சந்தை நாளும் தொழுகை வேளையும்

‘ஓய்தல்’ என்னும் சொல்லைத் தொல்காப்பியம் உரியியலில் எடுத்தோதி, உள்ள பொருள் நுணுகிக் குறைவதையே அதற்குப் பொருளாகக் கூறுகிறது. தேய்ந்து அடங்குவதே பழந்தமிழில் ஓய்வு எனலாம். அரபு மொழியிலோ ‘ராஹத்’ என்னும் சொல், காற்றைக் குறிக்கும் ‘ரீஹ்’ என்னும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தது. புழுக்கத்தில் வாடுபவன்மீது காற்று வீசுவது போன்ற ஓய்வு அது. தொழுகைக்கு அழைப்பு விடுத்துத் தமக்கு ராஹத் அளிக்குமாறு பிலால் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பு கூறும். கடமையை முடித்துவிட்டு ஓய்வெடுப்போம் என்று நாம் சொல்கிறோம். கடமையையே ஓய்வாகக் கண்டது அந்தத் திருவுள்ளம். அத்தகைய ஓய்வு, சேலம் நாமக்கல் சமவெளியில் உழைத்துப் பிழைத்த மக்களுக்கு எவ்வாறு வாய்த்தது, இன்று எவ்வாறு வாய்க்கிறது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

சேர்வராயன், கொல்லி மலைகளுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்த மேட்டு நிலத்தில் வாரத்தை அளந்தவை சந்தைகள். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையும், நாமக்கல் செல்லும் சாலையிலுள்ள புதன்சந்தையும் இன்றளவும் அந்தக் கணக்கைத் தம் பெயரில் சுமந்து நிற்கின்றன. மாடு வாங்குவோனும் மிளகாய் விற்போனும் நெய்த துணியைத் தோளில் சுமந்து வருவோனும் ‘என்ன கிழமை?’ என்று கேட்டால் ‘எந்த ஊர்ச் சந்தை?’ என்றே பொருள். கிழமைக்கு ஒருநாள் எல்லாரும் தொழிலை நிறுத்திவிடும் வழக்கம் அந்த உலகில் இல்லை. மழையும் திருவிழாவும் சாவும்தாம் வேலையை நிறுத்தின.

இந்தச் சந்தை உலகோடு ஜும்ஆ எளிதில் பொருந்தியதில் வியப்பில்லை. யூதர்களின் ஓய்வுநாளுக்கு முந்திய நாளாகிய வெள்ளி, மதீனாவில் சந்தை கூடும் நாளாக இருந்தது என்றும், கூட்டுத் தொழுகைக்கு அந்நாள் அமைந்ததற்கும் அதற்கும் தொடர்புண்டு என்றும் கோய்ட்டெய்ன் என்னும் வரலாற்றறிஞர் கருதினார். அவர் காட்டும் காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, ஜும்ஆ அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் வணிகரை நோக்கியே பேசுகின்றன. அழைப்பு வந்தால் வணிகத்தை விட்டுவிட வேண்டும். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடலாம். நாள் முழுவதும் கடையடைக்கச் சொல்லவில்லை. ஏட்டையும் தராசையும் சிறிது நேரம் மூடிவைக்கச் சொன்னது, அவ்வளவே. வெள்ளியை விடுமுறையாகக் கொள்வது பிற்கால வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆயினும் ஜும்ஆவின் இயல்பு அதுவன்று.

சேலத்தின் பழமையான ஜாமிஆ மஸ்ஜித், நகரின் நடுவே திருமணிமுத்தாற்றங்கரையில் அமைந்தது. திப்பு சுல்தான் இங்குத் தொழுதார் என்பது வழிவழி வரும் செய்தி. ஆற்றங்கரையில் பள்ளிவாசல் எழுந்ததன் பயனை விளக்க வேண்டுவதில்லை. கடைத்தெருவிலிருந்து நாலடி நடந்தால் தண்ணீர். முகம் கைகால் கழுவியதுமே பாதி அலுப்பு நீங்கிவிடும். சேர்வராயனில் பிறந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் அந்த ஆறு, இன்று சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து செல்வதைக் கண்டவர் ஒளூவை நினைக்கவும் கூசுவர். சங்ககிரி, நாமக்கல் மலைக்கோட்டைகளிலும் முஸ்லிம்களின் வழிபாட்டிடங்கள் உள்ளன. காவற்பணி புரிந்த படைவீரருக்கும் ஐவேளை உண்டல்லவா? 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் கும்பெனியார் கைக்குச் சென்றது. கொடி மாறியதும் பொழுது மாறிவிடவில்லை. வெயிலும் நிழலுமே இன்னும் எழுபதாண்டுக் காலம் கடிகாரமாக இருந்தன.

பொழுதை மாற்றியது இரயில். சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரையிலான இருப்புப்பாதை 1862இல் நிறைவெய்தியது. வண்டி, நிழலைப் பார்த்துப் புறப்படாது. மணியைப் பார்த்துப் புறப்படும். பின்னர் 1906ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, 82½ பாகைத் தீர்க்க ரேகையை அடிப்படையாகக் கொண்ட பொது நேரம் நாட்டுக்கு வகுக்கப்பெற்றது. சேலம் அந்த ரேகைக்கு மேற்கே நான்கு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருப்பதால், இங்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 17 நிமிடத்துக்கு. நவம்பர்த் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டியே உச்சி சாயும், பிப்ரவரியில் 12.30ஐத் தாண்டும். முன்னாளில் மோதினார் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்த்துப் பாங்கு சொன்னார். நிழல் பொருளைப்போல் ஒரு மடங்கானால் அஸர் என்பது ஷாபிஈ மத்ஹபின் வழி. இரு மடங்காக வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயர்பெற்ற தீர்ப்பு. இப்பகுதி முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகளாதலின், இங்கே பிற்பகல் வேலைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது என்றும் சொல்லலாம்!

சூரியக் கணக்குக்கும் மணிக் கணக்குக்கும் இடையே பதினேழு நிமிடம் பெரிதன்று. ஆனால் மணிக் கணக்கு யாருடையது என்பது பெரிது. குழித்தறியில் நெய்தவன் தன் வீட்டில் நெய்தான். மிதிபலகையிலிருந்து காலை எடுத்தால் தறி நின்றுவிடும். திரும்பி வந்து மிதித்தால் ஓடும். கூலி முழத்துக்கே அன்றி மணிக்கன்று. எந்த மதத்தவனாயினும், தன் தெய்வத்தை நினைக்க ஒரு நாழிகை எடுத்துக்கொள்ள அவன் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. வறுமை இருந்தது; அதை மறைத்துப் பழமையைப் போற்ற நாம் விரும்பவில்லை. அந்த வறுமையிலும் பொழுது அவனுடையதாக இருந்தது என்பதையே சொல்ல வருகிறோம்.

விசைத்தறி வந்தபின் நிலை வேறு. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோட்டுப் பகுதிகளில் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் எழுந்து போனால் தறிகள் அவருக்காகக் காத்திரா. இழை அறுந்தால் துணி பழுதாகும். பழுதானால் கூலி குறையும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு அங்குப் புதுமையன்று.

ஆலைத் தொழிலாளிக்கு வார ஓய்வு கிடைத்த கதையையும் இங்கு நினைக்கலாம். ஞாயிறு விடுமுறையை நம் நாட்டுக்குத் துரைமார் தாமாகக் கொடுத்துவிட்டார்கள் என்றே பலர் எண்ணுகின்றனர். நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் பல ஆண்டு போராடி 1890 ஜூன் மாதத்தில் பெற்றது அது. ஞாயிறு, மராட்டிய மக்கள் வணங்கும் கண்டோபாவுக்கு உரிய நாள் என்பது அவர் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. ஆக, உழைப்பாளியின் ஓய்வுக் கோரிக்கை தொடக்கத்திலேயே வழிபாட்டோடு பிணைந்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி இடைவேளை தர வேண்டும் என்று வகுத்தது. ஆயின், பத்துப் பேருக்குக் குறைவான ஆட்களைக் கொண்ட சிறு கூடங்கள் பொதுவாக அதன் வரம்பில் வரவில்லை. சமவெளியின் தறிக்கூடங்கள் பல அத்தகையவை.

நாமக்கல்லின் மற்றொரு தொழில் லாரி. தார்ப்பாயின் நிழலில் சாலையோரம் துண்டை விரித்துத் தொழும் ஓட்டுநரை நெடுஞ்சாலைகளில் நாம் கண்டிருக்கிறோம். பயணிக்கு மார்க்கம் தந்த சலுகை இத்தொழிலுக்கென்றே வந்தது போலும். ஹனஃபி வழக்கில் ஏறத்தாழ 48 மைல் தொலைவு செல்லப் புறப்பட்டவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவார். ஜும்ஆவும் பயணிமீது கடமையன்று. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு 50 கிலோமீட்டர் அளவே ஆதலால் அந்தப் போக்குவரத்துக்குச் சலுகை இல்லை; நாக்பூருக்குச் சரக்கேற்றிச் செல்பவருக்கு உண்டு.

கைதொழிலில் இருக்க உள்ளம் இறைவனிடம் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1389இல் மறைந்த பஹாவுத்தீன் நக்ஷபந்த் (ரஹ்) அவர்களின் வழியினர், கூட்டத்தின் நடுவே தனிமை என்பதை ஒரு பயிற்சியாகவே கொண்டனர். துணியில் சித்திரம் அமைக்கும் தொழிலால் அவர்களுக்கு அப்பெயர் வந்ததாகக் கூறுவர். நம் தக்கலை பீர் முஹம்மது அப்பா அவர்களும் தறி நெய்து வாழ்ந்தவர்கள் என்பது மரபு. ‘ஞானப்புகழ்ச்சி’ பாடிய நாவுக்கு நாடாவின் ஓசை தடையாக இருந்திருக்க முடியாது. இஃது உயர்ந்த நெறி. ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர் உழைப்பாளி, முதலாளி அல்லர். ‘வேலை செய்துகொண்டே திக்ரு செய்யலாமே’ என்று கூறித் தொழுகை வேளையை மறுப்பவரை நாம் பார்த்ததுண்டு.

அவுரங்கசீப் காலத்தில் அறிஞர் குழு ஒன்று தொகுத்த ‘ஃபதாவா ஆலம்கீரி’ இதற்கு என்றோ விடை கண்டது. கூலிக்கு அமர்த்திய ஆளை ஊரில் ஜும்ஆவுக்குச் செல்லாமல் தடுக்க முதலாளிக்கு உரிமை இல்லை என்பது அதிற்காணும் தீர்ப்பு. பள்ளிவாசல் தொலைவாக இருந்தால் சென்ற நேரத்துக்கு ஏற்பக் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். அருகே இருந்தால் ஒரு காசும் குறைக்கலாகாது. எவ்வளவு நுட்பமான நீதி! கடையும் தறியும் லாரியும் உடைய நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதை அறிவர்? நம்மிடம் வேலை பார்ப்போர் எல்லாரும் முஸ்லிம்களும் அல்லர். தம் கோவிலுக்குச் செல்ல ஒரு மணி நேரம் கேட்பவருக்கும் இதே நீதி பொருந்தும் என்பதே நம் கருத்து.

ஞாயிறும் வெள்ளியும் எட்டாத ஓரிடம் வீட்டின் அடுக்களை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரையூர்களில் பெண்டிர் கூடித் தொழத் தைக்காக்கள் உண்டு. சேலத்துப் பக்கம் அம்மரபை நாம் அவ்வளவாகக் காணவில்லை. முஸல்லாவை விரித்த பெண்ணை, குழந்தையின் அழுகையும் உலைநீரின் கொதிப்பும் இரண்டாம் ரக்அத்துக்குள் அழைத்துவிடுகின்றன. ரமலானில் ஸஹருக்கு முதலில் எழுபவளும் அவள். தராவீஹ் முடிந்து வருவோருக்குச் சோறு வைத்துக் கடைசியில் படுப்பவளும் அவளே. இருபது நிமிடம் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள வீட்டு ஆண்களுக்குத் தனிச் சட்டம் எதுவும் வேண்டுமா?

ரமலானின் கடைசிப் பத்தில் பள்ளியில் தங்கும் இஃதிகாஃப், ஹனஃபி வழக்கில் ஊராரின் பொதுச் சுன்னத். ஒருவர் இருந்தாலும் ஊரின் பொறுப்பு நீங்கும். ஒருவரும் இல்லையேல் அனைவர்மீதும் குறை. முதியவர்களே பெரும்பாலும் அமர்கின்றனர். பத்து நாள் கூலியை ஜமாஅத் ஏற்றுக்கொண்டு, உழைக்கும் இளைஞர் ஒருவரை ஆண்டுதோறும் அமர்த்தினால் என்ன என்று நாம் எண்ணியதுண்டு. ‘தராவீஹ்’ என்பதும் அந்த ராஹத் என்னும் வேரிலிருந்தே வந்தது. நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை அமர்ந்து இளைப்பாறுவது தர்வீஹா. இருபது ரக்அத்தில் அப்படி ஐந்து. இரவு ஷிப்டுக்குப் போவோர் வாசலை நோக்குவதால், இப்போது சில பள்ளிகளில் அந்த இளைப்பாறுதல் ஒரு தஸ்பீஹ் ஓதும் நேரமாகச் சுருங்கி, ஹாஃபிழ் அடுத்த தக்பீரைக் கட்டிவிடுகிறார்.