கொடைக்கானலைக் காணும் முறை

பழம்பெருமை வாய்ந்த கடற்கரை ஊர் ஒன்றிற்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர்க்கு வழி சொல்வது எளிது. மாமல்லபுரத்திலே பல்லவர் குடைந்த கல் இருக்கிறது. தரங்கம்பாடியிலே டென்மார்க்கு நாட்டார் 1620ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. அவற்றின் முன்னே போய் நின்றால், அவையே பேசத் தொடங்கிவிடும். மலையூரின் செய்தி வேறு. கொடைக்கானலில் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை, வென்ற வேந்தன் நாட்டிய தூணும் இல்லை. ஆகவே, "அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது? மேகமும் குளிருந்தானே!" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏரியில் ஒரு மணி நேரம் படகு விட்டு, பாறையோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலையில் இறங்கிவிடுவோர் மிகப் பலர். அந்த மலையிலும் வரலாறு உண்டு. ஆனால் அது தானாக வந்து பேசாது. கேட்டவர்க்கே விடை கூறும். எவ்வெவ்விடத்தில் என்னென்ன கேட்பது என்பதைப் பற்றியே மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாவது, பயணத்தைக் கொடைக்கானலில் தொடங்காதீர்கள், பழனியில் தொடங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே பிரிந்து நீளும் இந்த மலைத்தொடர் முழுவதற்குமே பழனி மலை என்றுதான் பெயர். அடிவாரத்து ஊருக்குச் சங்க காலத்தில் பொதினி என்ற பெயர் வழங்கியது. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன், இந்நாட்டை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். பொதினி என்பதே பின்னர்ப் பழனி எனத் திரிந்தது என்பர் அறிஞர். முருகன் கோயிலின் 693 படிகளையும் ஏறி உச்சியில் நின்று தெற்கே நோக்குங்கள். நீலச் சுவர் போல மலை நிற்கும். பேகன் கண்ட மலையும் அதுவே. நீங்கள் ஏறப்போகும் மலையும் அதுவே. கீழே கடைத்தெருவில் வாங்கும் பஞ்சாமிர்தத்திற்கு உரிய விருப்பாட்சி வாழைப்பழமும் அம்மலைச் சரிவிலிருந்தே வருகிறது. மலையும் அடிவாரமும் ஒன்றை ஒன்று சார்ந்து வாழ்வதை அந்தச் சிறு பழமே காட்டிவிடும்.

அடுத்து, கீழ்மலையில் உள்ள தாண்டிக்குடியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் பாருங்கள். அங்கே கற்திட்டைகள் இருக்கின்றன. பெரும் பலகைக் கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்து அமைத்த பழைய ஈமச் சின்னங்கள் அவை. மக்கள் அவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் கூறுவதுண்டு. உண்மையில் அவை இரும்பைப் பயன்படுத்தத் தெரிந்த பெருங்கற்கால மக்கள், இறந்தோர்க்கு எடுத்த நினைவிடங்கள். செண்பகனூரில் 1895ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இயேசு சபைக் கல்லூரியில் வாழ்ந்த பாதிரியார் ஆங்கிலேடு என்பவர், மலைமேல் நடந்து நடந்து இவற்றை அளந்தார். நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. கொடைக்கானல் என்ற நகரம் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலையில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு இக்கற்களே சான்று. இவற்றுள் புதையல் ஆசையால் தோண்டிப் பாழாக்கப்பட்டவை உண்டு. சுவருக்கும் வரப்புக்கும் பெயர்த்துச் செல்லப்பட்டவையும் உண்டு. ஆகவே, எஞ்சிய கற்களின் மீது ஏறாதீர்கள், பெயர் எழுதாதீர்கள். நீளம், அகலம், எந்தத் திசை நோக்கி நிற்கின்றன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, வழியைப் பற்றி எண்ணிப் பாருங்கள். இன்று பேருந்து சில மணி நேரத்தில் மேலே கொண்டுபோய் விடுகிறது. 1821இல் வார்டு என்ற ஆங்கில அதிகாரி இம்மலையை அளக்க வந்தபோது சாலை ஏதும் இல்லை. வெள்ளகவி என்ற மலையூர் வழியாக ஏறினார். சமவெளியின் நோய்களுக்கு அஞ்சிய மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அதன் பின்னரும் நெடுங்காலம் மக்கள் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, மனிதர் சுமக்கும் நாற்காலியிலோதான் மேலே சென்றார்கள். மோட்டார் வண்டி ஏறும் மலைச்சாலை, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேதான் அமைந்தது. அதுவரை மேலே கட்டிய வீடுகளின் கண்ணாடியும், கட்டிலும், பியானோவும் யாருடைய தலையிலும் தோளிலும் ஏறிச் சென்றன? அளந்தவர் பெயரும் கட்டியவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. சுமந்தவர் பெயர் இல்லை. ஒரு நகரத்தின் வரலாற்றைப் படிப்பவர், ஏட்டில் இல்லாத இந்த மக்களையும் நினைத்தாக வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களுக்கும் சென்று வாருங்கள். வெள்ளையர் வருமுன்னரே சரிவுகளைப் படிப்படியாகத் திருத்தி உழுதவர்களின் ஊர்கள் அவை.

நான்காவது, ஏரி. கொடைக்கானலுக்குக் கடல் இல்லை. அந்தக் குறையைப் போக்குவது போல நகரின் நடுவே ஒரு நீர்ப்பரப்பு விரிந்திருக்கிறது. அது இயற்கை ஏரி என்றே பலரும் எண்ணுகின்றனர். அன்று. மதுரை ஆட்சித் தலைவராக இருந்த லெவிஞ்சு என்பவர், 1863இல் ஓடை நீரைக் கரையிட்டுத் தேக்கி அமைத்தது அது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றளவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்று ஊர் வரலாறு கூறும். படகில் ஏறுமுன் கரையை ஒருமுறை நடந்து சுற்றுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். இக்கேள்விகளோடு நடந்தவனுக்கு அந்த ஏரி மறக்காது.

ஐந்தாவது, கதிரவன் ஆய்வுக்கூடம். நகரத்தினும் உயர்ந்த மேட்டில், கடல்மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. அது ஏன் அங்கே வந்தது என்று கேளுங்கள். விடை உங்களைத் திடுக்கிடச் செய்யும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது ஆண்டுப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, பல இலட்சம் மக்கள் மாண்டனர். பஞ்சத்தை ஆராய்ந்த குழுவினர், கதிரவனில் நிகழும் மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்றனர். அந்த எண்ணத்தின் பயனாகவே, 1899இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. 1901இல் ஆய்வு தொடங்கியது. 1909 சனவரியில் எவர்செட்டு என்ற அறிஞர், கதிரவனின் கரும்புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கே கண்டறிந்தார். உலகெங்கும் அறிவியல் நூல்கள் அதனை எவர்செட்டு விளைவு என்றே குறிக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் எடுக்கப்பட்ட கதிரவன் படங்கள் இங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. பட்டினியால் மாண்ட உழவனுக்கும் இந்தத் தொலைநோக்கிக்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது. அதனைக் காண்பதே வரலாற்றுக் கல்வி.

இறுதியாக, குறிஞ்சியாண்டவர் கோயில். இலங்கைப் பெரியார் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான இலீலாவதி அம்மையார் 1936இல் எழுப்பியது இது. ஐரோப்பிய மரபில் பிறந்து, தமிழ்நெறியை விரும்பி ஏற்றவர் அவர். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து வடக்கே பழனிக் கோயில் தெரியும். தெற்கே வைகை அணை தெரியும். மலையின் நீர் இரு பக்கமும் இறங்கி, ஒருபுறம் வைகைக்கும் மறுபுறம் அமராவதிக்கும் போவதை ஓரிடத்தில் நின்றே உணரலாம்.

அந்நீரைத் தேக்கித் தருவன புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் செறிந்த சோலைக் காடுகளும் ஆகும். சோலை மண் பஞ்சு போன்றது. மழையைக் குடித்து மெல்ல மெல்ல விடும். அப்புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, தைலம், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்களுக்கு இரையாகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இடமும் அதனோடு சுருங்கியது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். எஞ்சியவற்றைக் காக்கும்பொருட்டு 2013இல் இம்மலைக் காடுகள் வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. எனினும் அறிவிப்பு மட்டும் காட்டை வளர்த்துவிடாது.

மாணவ நண்பர்களே! பத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு மலை ஏறுங்கள். இறங்கும்போது அவற்றுள் ஆறுக்கு விடை கிடைத்தால் போதும். மற்ற நான்கும் உங்களை நூலகத்திற்கு அழைத்துச் செல்லும். மீண்டும் மலைக்கும் அழைத்து வரும். 2030இல் உங்களுள் பலர் உழைத்து ஊதியம் பெறுவோராக இருப்பீர்கள். அவ்வாண்டு குறிஞ்சி பூக்கும்போது, அது பூப்பதற்கு மலையில் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காப்பது, இன்று மலையைக் காணக் கற்றுக்கொள்ளும் உங்கள் கையில் இருக்கிறது.