சட்டத்திலும் உண்மையிலும்

முதலாம் மகாயுத்தத்தின் முடிவில் ஐரோப்பாவின் தேசப்படம் புதிதாக வரையப்பட்டது. எல்லைக்கோட்டை எங்கு இழுத்தபோதிலும் பிறமொழி பேசும் மக்கள் இலட்சக்கணக்கில் அதனுள்ளே அகப்பட்டனர். அவர்தம் பாதுகாப்பிற்கென வகுக்கப்பட்டவையே சிறுபான்மையோர் ஒப்பந்தங்கள். 1919 யூன் 28ஆந் திகதி போலந்து கைச்சாத்திட்டது அவற்றுள் முதலாவது. மேற்பார்வை சர்வதேச சங்கத்தின் பொறுப்பாயிற்று. ஆனால், புதிய அரசுகளையும் சிறிய அரசுகளையும் இவ்வாறு கட்டிய வல்லரசுகள் தம்மைக் கட்டிக்கொள்ளவில்லை. போரில் வென்ற இத்தாலி, தன்வசமான தென்தைரோலில் 1923 முதல் ஜெர்மன் மொழிக் கல்வியை ஒழித்துக்கொண்டு வந்தது. அதனைத் தடுக்க ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. இந்தப் பாரபட்சத்தைக் காட்டியே போலந்து 1934இல் தன் கடப்பாட்டை உதறியது.

இவ்வேற்பாடு சரிந்துகொண்டிருந்த வேளையில் ஒரு சிறு நாட்டின் பாடசாலைகள் பற்றி எழுந்த வழக்கு, ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது.

சர்வதேச சங்கத்தில் சேர்ந்த அல்பேனியா, 1921 ஒக்டோபர் 2ஆந் திகதி ஒரு பிரகடனம் செய்தது. இன, மத, மொழிச் சிறுபான்மையோர் சட்டத்திலும் உண்மையிலும் ஏனைய பிரசைகளுக்குச் சமமாக நடத்தப்படுவர். தம் சொந்தச் செலவிற் பாடசாலைகளை நடத்தவும், அங்கே தம் மொழியை வழங்கவும் அவர்களுக்குச் சம உரிமையுண்டு என்பது அதன் சாரம். 1933இல் அந்நாட்டு அரசியல் யாப்பு திருத்தப்பட்டது. கல்வி இனி அரசுக்கே உரியது. தனியார் பாடசாலைகள் யாவும் மூடப்படும் என்றாயிற்று. தென் அல்பேனியாவிலே கிரேக்க மொழி பேசியோரின் பாடசாலைகள் மூடுண்டன.

அல்பேனிய அரசின் செயலை வெறும் கொடுமையென்று தள்ளிவிடுதல் எளிது, ஆனால் சரியன்று. துருக்கியராட்சியிலே தாய்மொழிப் பாடசாலைக்காகத் துன்புற்ற மக்கள் அல்பேனியர். கோர்ச்சா நகரில் 1887இல் தோன்றிய அல்பேனியப் பாடசாலையைக்கூட அவ்வாட்சி நிலைக்க விடவில்லை. பின்னர் இத்தாலியின் பிடி இறுகிவந்த காலத்தில் இத்தாலியர் நடத்திய பாடசாலைகளும் அத்திருத்தத்தினால் மூடப்பட்டன. கல்வியை அரசு ஏற்பதென்பது முற்போக்காளருக்கு உவப்பான கொள்கையுமாகும். இலங்கையில் 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இடதுசாரிகள் அதனை ஆதரிக்கவில்லையா? அதனாலேயே வழக்கு சிக்கலானது.

அல்பேனியாவின் வாதம் கூர்மையானது. தனியார் பாடசாலை எல்லோருக்கும் இல்லை, பெரும்பான்மையோருக்கும் இல்லை, ஆகவே பாரபட்சம் எங்கே? என்று அது வினவியது.

ஹேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1935 ஏப்ரல் 6ஆந் திகதி, எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, அவ்வாதத்தை நிராகரித்தது. பெரும்பான்மையோரின் பிள்ளைக்குத் தேவையானதை அரசுப் பாடசாலையே தருகிறது. தனியார் பாடசாலை மூடப்பட்டால் அப்பிள்ளை இழப்பது சொற்பம். சிறுபான்மைப் பிள்ளையோ தன் மொழிக்குரிய ஒரே இடத்தை இழக்கிறது. ஒரே சட்டம்; இரு விளைவு. சட்டத்திற் சமத்துவம் வேறு, உண்மையிற் சமத்துவம் வேறு; பின்னதை எய்துவதற்கு வேறுபட்ட முறையில் நடத்துதலும் வேண்டியிருக்கலாம் என்பது நீதிமன்றம் கண்ட முடிவு. மாறுபட்ட மூவரும் அறிவிலிகளல்லர். பிரகடனத்தில் உள்ள சொல் 'சம உரிமை'தானே. பிறர்க்கில்லாத உரிமை சிறுபான்மையோருக்கு எங்ஙனம் வரும் என்று அவர்கள் எழுத்தைப் பற்றிநின்றனர். எழுத்து அதற்கு இடங்கொடுக்கவே செய்தது.

1939இல் இத்தாலியப் படை அல்பேனியாவிற் புகுந்தது. 1946இல் சர்வதேச சங்கமும் கலைந்தது.

பதினெட்டு ஆண்டுகளின் பின் இதே வினா இலங்கையிலிருந்து இலண்டன் கோமறைக் கழகத்திற்குச் சென்றது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லவில்லை. தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இந்நாட்டிற் பிறந்தமை வேண்டுமென்று பொதுப்படக் கேட்டது. தலைமுறைதோறும் பிறப்புச் சான்று காட்ட முடியாத தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பொதுமையே பூட்டாயிற்று. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டுமாக்கியது. வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கொடக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு 1953இல் தோற்றது. யார் தன் பிரசைகள் எனத் தீர்மானித்தல் ஓர் அரசுக்கு இயல்பான அதிகாரம். இது பிரசாவுரிமை பற்றிய சட்டமேயன்றி ஒரு சமூகத்தைக் குறித்ததன்று என்றனர் நீதிபதிகள். ஹேக் நீதிமன்றம் விளைவை நோக்கிற்று. இலண்டன் நீதிமன்றம் சட்டத்தின் முகத்தை நோக்கிற்று. 1947இல் ஏழு பிரதிநிதிகளை இலங்கை இந்தியன் காங்கிரஸ் மூலம் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள், 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை.

சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை சிறுபான்மையோரைக் குறிப்பிடுகிறது. அவ்வுரிமை பிரசைகளுக்கு மட்டும் உரியதன்று என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1994இல் விளக்கம் தந்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1980இல் இணைந்தது. அதற்குள் 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிடத் தொடங்கியிருந்தது. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்பது கணக்கு. எஞ்சிநின்ற நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.