கிண்டியில் பிறந்த புரத வரைபடம்

புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுவிலும் ஒரு கார்பன் அணு இருக்கும். அமினோ தொகுதி, கார்பாக்சில் தொகுதி, ஒரு ஹைட்ரஜன், ஒரு பக்கத்தொடர் ஆகியவை அதனோடு பிணைந்திருக்கும். 20 வகை அமினோ அமிலங்களையும் வேறுபடுத்துவது இந்தப் பக்கத்தொடரே. அமிலங்களை இணைப்பது பெப்டைடு பிணைப்பு.

சங்கிலி எப்படி மடிந்து வடிவம் பெறுகிறது என்பது 1950களின் பெரும் கேள்வி. 1951இல் லைனஸ் பாலிங் குழுவினர் ஆல்பா சுருள் என்னும் மடிப்பு வடிவத்தை முன்வைத்தனர். மறு ஆண்டு ஜி. என். ராமச்சந்திரன் கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னாலின் தூண்டுதலால் அவர் கொலாஜனை ஆராயத் தொடங்கினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் அது.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு, மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதையும் எக்ஸ் கதிர்ப் படங்களையும் கொண்டு, 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலிகள் கொண்ட கட்டமைப்பை வெளியிட்டனர். 1955இல் அதைத் திருத்தி, மூன்றும் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொள்வதாகக் காட்டினர். சங்கிலிகள் நெருங்கும் நடுப்பகுதியில் கிளைசினுக்கு மட்டுமே இடமுண்டு.

அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே சென்னைக் குழு அடுத்து ஆராய்ந்தது. வெளியான படிகக் கட்டமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகள் திரட்டப்பட்டன.

பெப்டைடு பிணைப்பு ஒரே தளத்தில் அமைவதால் சுழல்வதில்லை. நடுக் கார்பனின் இருபுறமும் உள்ள பிணைப்புகளே சுழலும். அவற்றின் கோணங்கள் ஃபை, சை எனப்படும். திரட்டிய இடைவெளிகளின்படி அணுக்கள் மோதாத கோண இணைகள் எவை என்பதை ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு 1963இல் வரைபடமாக வெளியிட்டனர். அதன் பெரும்பகுதி தடைப்பட்ட பரப்பு. ஆல்பா சுருளும், மற்றொரு மடிப்பு வடிவமான பீட்டா தாளும் அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் விழுகின்றன. பக்கத்தொடராக வெறும் ஹைட்ரஜனையே கொண்ட கிளைசினுக்கு மட்டும் பரப்பு விரிகிறது.

இதுவே ராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியப்படும் புரதக் கட்டமைப்புகளின் நம்பகத்தன்மையைச் சோதிக்க உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.