கலைக்கும் கையும் கருதும் மனமும்: குறிபார்த்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் அறிவும் முயற்சியும் எட்டாத ஓரிடத்தை எதிர்கொள்ளும்போது, எதிர்காலத்தை அறியும் பொருட்டு ஏதேனும் ஒரு பொருளிடம் வினவும் வழக்கம் உலகின் பல சமுதாயங்களிலும் காணப்படுகின்றது. நெல்லும் கழங்கும், சோழியும் ஏடும், பூவும் சீட்டும் இவ்வாறு வினவப்பட்ட பொருள்களாகும். இவற்றுள் காலத்தால் நம்மை மிக அண்மையில் வந்தடைந்தது டாரட் எனப்படும் சீட்டுக்கட்டு. கொழும்பின் தென்புறத்தே, தெஹிவளையை அடுத்துள்ள களுபோவிலையில் எமது ஒழுங்கையிலும் அது வந்து சேர்ந்துவிட்டது. பெரியோர் சாதகத்தையும் பஞ்சாங்கத்தையும் நாட, இளையோர் இச்சீட்டுகளை நாடுகின்றனர்.

சீட்டுப் பார்ப்போர் முதன்மையாக வற்புறுத்துவது கலைக்கும் முறையையே. வினாவை மனத்தில் இருத்தவேண்டும். ஏனைய எண்ணங்களை விலக்கவேண்டும். மனம் ஒருமித்த பின்னரே கட்டைக் கலைக்கவேண்டும். போதும் என உள்ளம் உணர்த்துகையில் நிறுத்தவேண்டும் என்பர். கலைப்பவரின் கருத்து சீட்டுகளின் வரிசையிற் பதிகின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்யோ பொய்யோ என்று வாதிடுவதோடு அமைவது வரலாற்று மாணவனுக்குப் போதாது. குறிபார்க்கும் ஒவ்வொரு முறையிலும் கலைத்த கை யாருடையது? கருதிய மனம் யாருடையது? இவ்விரு வினாக்களையும் நம் மரபின்மீது செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் டாரட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சீட்டாட்டம் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிற் பரவிற்று. கிண்ணம், வாள், நாணயம், தடி என்னும் நால்வகைக் குறிகளும் மம்லூக்கியர் ஆண்ட எகிப்தின் சீட்டுகளிலிருந்து பெறப்பட்டவை. ஆங்கிருந்த போலோக் கோலே ஐரோப்பியர் கையில் வெறுந் தடியாயிற்று. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் இக்கட்டுடன் சித்திரச் சீட்டுகள் சில சேர்க்கப்பட்டன. மிலான் நகரத்து விஸ்கொந்தி, ஸ்போர்சா குடும்பங்களுக்காகப் பொன்தகட்டுப் பின்னணியில் வரையப்பட்ட சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. நிலைபெற்ற கட்டில் சித்திரச் சீட்டு 22, ஏனையவை 56, ஆக 78 சீட்டுகள் உள்ளன.

அக்காலத்தே இச்சித்திரச் சீட்டுகளுக்கு வழங்கிய பெயர் 'திரியொன்பி' என்பதாகும். வெற்றிகள் என்பது அதன் பொருள். ஏனைய சீட்டுகளை வெல்வதால் அவை அப்பெயர் பெற்றன. இச்சொல்லின் வழித்தோன்றல்களே போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வெல்லும் சீட்டைக் குறிக்கும் சொற்கள். தமிழிலுள்ள துருப்பு என்னும் சொல் இவற்றுள் எதன் வழியாக வந்திருப்பினும் அதன் மூலவேர் இதுவே. விறாந்தையிலிருந்து முந்நூற்று நான்கு ஆடும் நம் முதியோர் துருப்புக் கேட்கும்போதெல்லாம், தாம் அறியாமலே டாரட்டின் பழம்பெயரை உச்சரிக்கின்றனர்.

டாரட் 18ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் விளையாட்டாகவே இருந்தது. மைக்கேல் டம்மெற் என்னும் தத்துவப் பேராசிரியர் 1980இல் வெளியிட்ட விரிவான நூல் இதனை ஐயந்திரிபற நிறுவுகின்றது. 1781இல் கூர் த ஜெபலின் என்னும் பிரெஞ்சு அறிஞரே இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என எழுதினார். எகிப்திய எழுத்துகளை ஷம்போலியன் வாசிக்கும் வழி கண்டது 1822இலேயாகும். கண்டபின்னர் அவ்வெழுத்துகளில் டாரட்டுக்குச் சான்று எதுவும் கிடைத்திலது. எனினும் அக்கற்பனை நிலைத்துவிட்டது. எத்தெய்லா என்பார் 1785 முதல் குறிபார்க்கும் முறைகளை நூலாக்கினார். 1909இல் இலண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டே பிற்காலத்து உலகெங்கும் பரவிற்று. ஆகவே, தொன்மையானது எனப் போற்றப்படும் இக்குறிமுறையின் அகவை இரண்டரை நூற்றாண்டளவே என்பது தெளிவாகும்.

இனி நம் மரபுக்கு வருவோம். தமிழில் குறிபார்த்தல் பற்றிய மிகப் பழைய செய்திகள் அகப்பாடல்களிலே கிடைக்கின்றன. களவொழுக்கத்தில் ஈடுபட்ட தலைவி மெலிகின்றாள். காரணம் அறியாத தாய், முறத்தில் நெல்லைப் பரப்பிப் பார்க்கும் கட்டுவிச்சியையோ, கழங்கு இட்டுப் பார்க்கும் வேலனையோ அழைக்கின்றாள். முன்னையது கட்டு எனவும் பின்னையது கழங்கு எனவும் பெயர்பெறும். தொல்காப்பியக் களவியல் இவ்விரண்டையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது. கழங்கு என்பது கழற்சிக்காய். சிறுமியர் விளையாடிய அதே காயே வேலன் கையிற் குறிசொல்லும் கருவியாயிற்று. விளையாட்டுச் சீட்டு குறிச்சீட்டானது போன்ற ஒரு நிகழ்ச்சி, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் நிகழ்ந்திருத்தல் நோக்கத்தக்கது.

கட்டுப் பார்க்கும் முறையை நற்றிணை உரையாசிரியர் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் விளக்கியுள்ளார். பரப்பிய நெல்லை நந்நான்காக எண்ணிக் கழிக்கையில் ஒன்றோ இரண்டோ மூன்றோ எஞ்சின் நோய் முருகனால் வந்தது. நான்காயின் பிறிதொரு நோய் என்பதே அம்முறை. இக்கணக்கைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். நான்கு முடிவுகளுள் மூன்று முருகனையே சுட்டுகின்றன. தலைவியின் உள்ளத்திலிருப்பவனைச் சுட்டும் முடிவு ஒன்றேனும் இல்லை. நெல் எவ்வாறு வீழினும் உண்மை வெளிவர வழியில்லை. குறிபார்ப்பவர் வஞ்சகர் என்பதன்று நாம் கூறுவது. வினாவை அமைத்தவர்களே விடையின் எல்லையையும் அமைத்துவிட்டனர் என்பதேயாம்.

இதனைச் சங்கப் புலவர் நன்குணர்ந்திருந்தனர். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து, வேலனையும் கழங்கையும் மெல்லிய எள்ளலோடு நோக்குகின்றது. நற்றிணைப் பாடலொன்றில் தோழி, உண்மையறிந்தும் வெறியாட்டுக் களத்துக்கு வந்த முருகனையே அறியாமையுடையாய் என்று இடித்துரைக்கின்றாள். அவள் சினம் தெய்வத்தின்மீதன்று; கேட்கவேண்டியவளைக் கேளாத வழக்கத்தின் மீதாகும். தாய் கருதுகின்றாள்; வேலன் கை கழங்கை இடுகின்றது; ஊர் முடிவை ஏற்கின்றது. நோயுற்றவளின் கையும் மனமும் அக்களத்தில் இடம்பெறவேயில்லை.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு காட்சியை உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிற் காண்கின்றோம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பு தோறும் கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோருமாகச் சபையோர் யாவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை எல்லோருங் காண உயர்த்திப் பிடிப்பார். ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்படும். அச்சிறுவனே அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரல்களும் விரிந்த உள்ளங்கையில் ஏந்தி வாசிப்பான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசிப்பர்.

இங்கும் கலைத்தல் உண்டு. ஊன்றிய கவனமும் உண்டு. ஆனால் அக்கவனமெல்லாம் கருத்தை ஓலையில் ஏற்றுவதற்கன்று, கருத்து ஓலையிற் புகாமற் காப்பதற்கே. சிறுவன் தெரியப்பட்டது அவன் மனத்தில் விருப்பு வெறுப்பு இல்லை என்பதனால்; விரல்கள் விரிக்கப்பட்டது கரவு நேராதிருத்தற்பொருட்டு. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் முன்னரே விலக்கப்பட்டிருந்தனர். பண்டை அதென்ஸ் நகரத்தாரும் ஆட்சிமன்ற உறுப்பினரைச் சீட்டினாலேயே தெரிந்தனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் உத்தரமேரூரை மிகைப்படுத்திப் போற்றுதலும் பொருந்தாது. அது பிராமணச் சபை. காணியும் மனையும் வேதக்கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்ட ஆடவர் பெயர்களே 921ஆம் ஆண்டு விதிப்படி குடத்துள் வீழ்ந்தன. பெண்களும் உழுகுடிகளும் குடத்துக்கு வெளியே நின்றனர். குடத்தினுள் நடுவுநிலை பேணப்பட்டது. குடத்தின் வாயிலிலோ அது பேணப்படவில்லை.

குடவோலைச் சிறுவன் பின்னரும் நம் வழக்கங்களில் வேறு வேறு வடிவங்களில் தோன்றுகின்றான். கோயிலில் இரு நிறப் பூக்களைப் பொதிந்து தெய்வத்தின் முன்வைத்து, குழந்தையொன்றைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பர். இதனைப் பூக்கட்டிப் பார்த்தல் என்பர். தமிழகத்துத் தெருவோரங்களில் கூண்டைவிட்டு வெளிவந்து சீட்டெடுக்கும் கிளியும் அச்சிறுவனின் இடத்தையே வகிக்கின்றது. எடுப்பவருக்கு நலம் எதுவும் இல்லையாதலால் எடுத்த முடிவு நம்பப்படுகின்றது. ஆயினும் பொதியிற் பூவை வைத்தவர் யார், கிளியின் முன் எவ்வெச் சீட்டுகளை அடுக்கியவர் யார் என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

இவ்வினா எனக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. களுபோவிலையில் எம் உறவினள் ஒருத்திக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. பெற்றோர் கலங்கினர், பூக்கட்டிப் பார்த்தனர். செம்மலர் எனின் போகலாம், வெண்மலர் எனின் நிற்கவேண்டும் என வகுக்கப்பட்டது. அயல்வீட்டுக் குழந்தை எடுத்த பொதியில் வெண்மலர் இருந்தது. அவள் போகவில்லை, கிடைத்த இடமும் காலங்கடந்து கழிந்தது. முறையில் எவ்வித கரவும் இல்லை. ஆனால் போக விரும்புகின்றாயா என்று அவளை எவரும் வினவவில்லை. அவ்வீட்டுக் கூடத்தில் நானும் இருந்தேன், நானும் வினவவில்லை.

பல திங்கள் கழிந்தபின் அவள் தோழியொருத்தியின் டாரட் கட்டைக் கையில் வாங்கி, மனத்தை ஒருமுகப்படுத்திக் கலைத்திருக்கிறாள். வந்த சீட்டு யாது என நான் கேட்டபோது, "சீட்டு என்ன சொன்னது எண்டு ஞாபகமில்லை. கேள்வியை மனசுக்குள்ள சொல்லேக்கைதான் எனக்குப் போக விருப்பம் இருந்தது எண்டு தெரிஞ்சது" என்றாள்.

இக்கூற்றே நம் ஆய்வின் திறவுகோல் எனலாம். கருத்து சீட்டின் வரிசையை மாற்றும் என்பதற்குச் சான்றில்லை. 52 சீட்டுள்ள கட்டை இரு கூறாக்கி ஒன்றனுள் ஒன்று விழுமாறு ஏழு முறை கலைத்தால் பழைய வரிசை பெரிதும் அழிந்துபோகும் என்று 1992இல் பேயர், டயகோனிஸ் என்னும் கணித அறிஞர் காட்டினர். கலைத்தல் என்பது செய்தியை அழிக்கும் செயலேயன்றி எழுதும் செயலன்று. ஆயினும் டாரட் மரபு தன்னையறியாமலே ஒரு நன்மையைச் செய்துள்ளது. யாருடைய வாழ்வோ அவர் கையிலேயே கட்டைப் பெரும்பாலும் கொடுக்கின்றது. உன் வினாவை நீயே சொல் என்கின்றது. குறிஞ்சித் தலைவிக்குக் கிட்டாத வாய்ப்பு அது. சீட்டு விடைதருவதில்லை, வினாவைச் சொல்லும் உரிமையைத் தருகின்றது.

ஆகவே இரு நெறிகளையும் வேறுபடுத்திக் காண்டல் வேண்டும். சமமானோர் பலர், கிடைக்கும் இடமோ சில என்னும் நிலையில், முன்னரே ஒப்புக்கொண்ட விதிப்படி சீட்டெடுப்பது நீதியாகும். அங்கே கருத்து விலகி நிற்கவேண்டும். ஒருவரின் வாழ்வு பற்றிய முடிவிலோ அவருடைய கருத்தே முன்னிற்கவேண்டும். அங்கே சீட்டு விலகி நிற்கவேண்டும். முன்னதன் இடத்தில் பின்னதையும் பின்னதன் இடத்தில் முன்னதையும் வைப்பதே நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் நிகழும் பெரும்பிழை. பதவிகளைப் பங்கிடுகையில் நம் விருப்பத்தை நுழைக்கின்றோம்; பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கையில் பூவைக் கேட்கின்றோம்.

ஈராயிரம் ஆண்டளவு முன்னர் ஒரு தோழி முருகனையே எதிர்த்துப் பேசியது இதன்பொருட்டே. கழங்கை வினவுமுன் அவளை வினவுக என்பதே அக்குரலின் சாரம். களுபோவிலையின் கூடங்களிலும் அக்குரல் இன்று வேண்டப்படுகின்றது என்று கூறின் அது மிகையாகாது.