குரோய்டனும் அம்மை குத்தின சட்டமும்

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கத் தடுப்பூசிப் பத்திரம் கேட்பார்கள். பல மாநிலங்களில் மதக் காரணம் சொல்லி விலக்கும் பெறலாம். இங்கேயும் அப்படி ஒரு கடிதம் குடுக்கலாமோ எண்டு எங்கட ஆட்கள் சிலர் என்னட்டைக் கேட்டிருக்கினம். இங்கே அந்தக் கடிதத்துக்குத் தேவையே இல்லை. அது ஏன் எண்டு விளங்க 170 வருசம் பின்னுக்குப் போகவேணும்.

1853ஆம் ஆண்டு, பிறந்த பிள்ளைக்கு மூன்று மாதத்துக்குள் அம்மைப்பால் குத்தவேணும் எண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் வந்தது. மறுத்தால் தண்டம், கட்டாவிட்டால் மறியல். காசுள்ளவன் தண்டத்தைக் கட்டிப்போட்டு இருந்தான். கூலிக்காரனின் வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் போயின. கடவுள் தந்த உடம்பில் மாட்டுச் சீழை ஏற்றுவதோ எண்டு சிலரும், என் பிள்ளையின் உடம்பில் அரசாங்கத்துக்கு என்ன உரிமை எண்டு வேறு சிலரும் கேட்டார்கள். 1885இல் லெஸ்ரர் நகரில் பெரும் ஊர்வலமே நடந்தது.

இதில் எங்கட குரோய்டனுக்கும் பங்குண்டு. டார்வினைப் போலவே இயற்கைத் தெரிவைக் கண்டறிந்த அல்பிரட் ரசல் வொலஸ் 1878 முதல் 1881 வரை இங்கே குடியிருந்தார். சென் பீற்றர்ஸ் வீதியில் அவர் இருந்த வீட்டில் நினைவுப் பலகை உண்டு. அம்மை குத்துவது வீண் எண்டு அவர் 1885இலும் 1898இலும் எழுதி வெளியிட்டார். யானைக்கும் அடி சறுக்கும். 1980இல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது அம்மைப்பால்தான்.

1898ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சாட்சிக்கு இடம் குடுத்தது. ஆனால் நீதவானைத் திருப்திப்படுத்தவேணும். பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1907இல் சத்தியக்கடதாசி போதும் எண்டாக்கினார்கள். 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது கட்டாயமே போய்விட்டது.

ஊரில் அம்மை வந்தால் அம்மாள் வந்திருக்கிறா எண்டு வேப்பிலை கட்டின சனம்தான், கையை நீட்டி அம்மைப்பாலும் குத்திக்கொண்டது. எங்கட பெரியவர்களின் கையில் அந்தத் தழும்பை இன்றும் பார்க்கலாம். அம்மாள் கோவிக்கவில்லை.

மதம் சம்பந்தப்பட்ட உண்மையான கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு மூக்குக்குள் அடிக்கிற புளூ மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. அது வேண்டாம் எண்டு தாதியிடம் சொன்னால், அது இல்லாத ஊசி போடுவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

கட்டாயம் இல்லை எண்டால் பொறுப்பு முழுதும் எங்கட தலையில். சின்னமுத்து காற்றோடு பரவும். ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையைக் காப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்ட ஊசிதான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நாங்களாகவும் இருக்கலாம்.