தோல் நகரங்களின் தொட்டில்கள்

பச்சிளங்குழந்தைகளைப் பாலைவனத்துச் செவிலித்தாயரிடம் ஒப்படைத்து வளர்ப்பது மக்கத்துக் குறைஷிகளின் வழக்கம். பனூ சஅத் குலத்துப் பெண்கள் அதன்பொருட்டு மக்காவுக்கு வந்தபோது, தந்தையை இழந்த ஒரு குழந்தையை ஏற்கத் தயங்கினர் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. பால் கொடுப்பதற்குரிய கூலியைத் தருபவர் குழந்தையின் தந்தை. அவரே இல்லையெனில் யார் தருவார்? இறுதியில் அக்குழந்தையை, நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை, ஏந்திச் சென்றவர் ஹலீமா (ரலி) அவர்கள். அந்நிகழ்வின் பரக்கத்தைப் பேசும் நாம், அதனுள் இருக்கும் கூலிக் கணக்கைக் கவனிப்பதில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனம் செவிலித்தாயை அமர்த்துவதை அனுமதித்து, அவளுக்குரியதை முறைப்படி கொடுக்குமாறு பணிக்கிறது. ‘ஹளானா’ எனும் பிள்ளைப் பராமரிப்புக்கு ஊதியம் உண்டா என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே ஆராய்கின்றன. பிள்ளை பார்ப்பது உழைப்பு என்பதில் நம் முன்னோர்க்கு ஐயமில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இக்கேள்வி பெரிதாக எழுந்தது 1970களுக்குப் பின்னர்தான். அதுவரை இங்கே தோல் என்றால் பதனிடுதல். அது பெரும்பாலும் ஆண்களின் வேலை. 1973 முதல், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு நடுவணரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக்கிய தோலும் காலணியும் செய்தால்தான் வெளிநாட்டு வணிகம் என்றானது. ஷூ தொழிற்சாலைகள் எழுந்தன. தையல் இயந்திரங்களின் முன் பெண்கள் அமர்ந்தனர். ஆலை உரிமையாளர்களில் பலர் நம் சமுதாயத்தார். தைக்க வந்தோரில் சுற்றுக் கிராமங்களின் தலித் பெண்கள் மிகுதி, நம் வீட்டுப் பெண்களும் உண்டு. ஆகவே இவ்வரலாற்றில் நாம் இரு பக்கமும் நிற்கிறோம்.

சட்டம் இதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 48ஆவது பிரிவில், 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்றது. காற்றும் வெளிச்சமும் உள்ள தூய்மையான அறை, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பு என்றெல்லாம் அது கூறியது. 1976இல் அந்த 50 என்ற எண் 30 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆனால் அறை இருந்தால் மட்டும் போதுமா? கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் விடியலில் புறப்படும் தாய், கைக்குழந்தையை அந்நெரிசலில் தூக்கிச் செல்ல வேண்டும். பெரும்பாலோர் பாட்டியிடம் விட்டுச் செல்வதையே விரும்பியதில் வியப்பில்லை.

சட்டம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. ‘அப்பர்’ எனப்படும் ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை, இடைத்தரகர் வழியே மூட்டையாக வீடுகளுக்கு வந்தது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பீடிச் சுற்றலும் அப்படியே. 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் காப்பகம் பற்றிப் பேசினாலும், அது தொழிற்கூடத்துக்குரிய விதி. திண்ணையில் முறத்தை மடியில் வைத்திருப்பவளுக்கு அதனால் பயனில்லை. வீட்டிலிருந்தபடியே பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவ்வேலைக்குச் சொல்லப்படும் சிறப்பு. உண்மையில் ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் குழந்தையிலும் இருக்கும். ஜோடிக் கணக்கோ குழந்தை அழுத நேரத்தைக் கழித்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தை ஈடுசெய்தவள் பல வீடுகளில் மூத்த மகள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள அவள் பள்ளியை விட்டாள். செலவில்லாத பராமரிப்பு என்று நாம் எண்ணியதற்கு அவளே விலை கொடுத்தாள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி இங்கே பொருந்தும். பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்பது அவர்களின் முதல் விதி. ஓர் இரவு, ஓயாது அழும் குழந்தையின் தாயிடம் காரணம் கேட்டார்கள். தொகையைப் பெறுவதற்காக முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதாக, கேட்பவர் யாரென்றறியாமல் அவள் கூறினாள். மறுநாளே, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை என்று விதி மாறியது. விதியில் இருக்கும் ஓர் எல்லை, தொட்டில் வரை வந்து தொடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் காலத்து விதிகளிலும் அத்தகைய எல்லைகள் உண்டு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பாலவாடியை ஊரெங்கும் கொண்டுவந்தன. ஏழைத் தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன். ஆயினும் அது பிள்ளையை உட்கார வைத்துக்கொள்வது இரண்டு வயதுக்குப் பின், கதவடைப்பது பிற்பகலில். ஆலையோ மாலையில்தான் விடும்.

2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று (மூன்றாம் பிள்ளைக்குப் பழைய 12தான்). 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில், ஆண் பெண் என்று பாராமல், காப்பகமும் கட்டாயமாயிற்று. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம். செலவு முழுவதும் முதலாளியின் தலையில் விழுவதால், இளம் மணப்பெண்ணை வேலைக்கெடுக்கத் தயங்குவோர் இருப்பர் என்ற அச்சமும் உடன் எழுந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடுப்பில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரம். பாலவாடி ஏற்க இரண்டு வயதாக வேண்டும். இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல். நன்னியின் முழங்கால் வலி தாங்கும் வரை நன்னி. அதன்பின் தெருவில் யாரேனும் ஒரு விதவை மாமி, மாதம் ஏதோ ஒரு தொகைக்கு. அந்தத் தொகையைப் பேசும்போது நாம் பேரம் பேசுகிறோம்.