மதிலை எரித்துச் சோறாக்க முடியுமா?

2022இல் கேஸ் சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட வீட்டில அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது பின்வளவு வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் கம்பில்தான். மூத்தம்மா ஒரு நாள் கேட்டா: “மதில் கட்டுவம், மதில் கட்டுவம் எண்டு நிண்டீங்களே, மதிலை எரிச்சுச் சோறாக்குவீங்களா?”

‘சமூகக் காடு வளர்ப்பு’ என்ற திட்டங்களின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பெயர் உலகளவில் பரவியது 1968இல் புதுதில்லியில் நடந்த பொதுநலவாய வனவியல் மாநாட்டுக்குப் பிறகு. 1976இல் இந்தியாவின் தேசிய விவசாய ஆணைக்குழு அதைக் கொள்கையாக்கியது. கிராமத்துக்குள்ளேயே விறகும் தீவனமும் கிடைத்தால் அரச காடு தப்பும், சாணத்தை எரிக்காமல் வயலுக்குப் போடலாம் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஆனா மரம் யாருக்கு? தமிழ்நாட்டில் 1981இல் சுவீடன் உதவியோடு குளத்து நிலங்களில் கருவேல மரங்கள் நடப்பட்டன. குஜராத், ஹரியானா பக்கம் காணி உள்ள விவசாயிகள் யூகலிப்டஸ் நட்டார்கள். அதன் இலையை ஆடு தின்னாது. மரம் கம்பமாகவும் காகிதக் கூழாகவும் சந்தைக்குப் போனது. காணியில்லாத ஏழைக்கு விறகு கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரே மரத்தை நட்டதால் 1980களின் கடைசியில் விலையும் விழுந்தது.

இலங்கையிலும் 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சமுதாயக் காட்டுத் திட்டம் தொடங்கியது. பிறகு 1995இன் தேசிய வனக் கொள்கை, நாட்டின் மரத் தேவைக்கு வீட்டுத் தோட்டங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை ஏற்றுக்கொண்டது. வளவைத்தான் சொல்கிறார்கள்! தென்னை, முருங்கை, வேம்பு, வேலியில் கிளுவை. எந்தத் திட்டமும் வராமலே நம்ம ஆக்கள் செய்துவந்த காடு வளர்ப்பு அது.

சீமைக்கிளுவையை விவசாயக் கந்தோரில் கிளிரிசிடியா என்பார்கள். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அதை அறிவித்தது. அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள நைதரசனை வேரில் சேர்க்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கம்பு விறகு, இலை ஆட்டுக்கும் வயலுக்கும். ஆனா அதை மட்டும் நம்பவும் முடியாது. 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்தபோது அம்பாறை வயல்களுக்கு இது தெரிந்துவிட்டது. ஒரு ஏக்கருக்கே டன் கணக்கில் இலை வேணும். அவ்வளவு மரம் எங்கே இருக்கு?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் காணிக்கு அவ்வளவு நெருக்கடி. பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுப்பது நம்ம வழக்கம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வளவு பிரிகிறது, இருபது பேர்ச் பத்தாகிறது. வேலி ஒன்றரை அடி பிடிக்கும், மதில் அரை அடிதான். யாரையும் குறை சொல்ல ஏலாது.

எங்கட வீட்டிலும் மதில் வந்துவிட்டது, முன்பக்கம் மட்டும். பின்வேலி உம்மாவின் பங்கு. அதைத் தொட விடமாட்டா. இந்திய, இலங்கைத் திட்டங்களைப் படித்த பிறகு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: வெட்டவும் விடவும் உரிமை உள்ள ஒருத்தர் இருக்கிற மரம்தான் நிற்கிறது. அடுத்த பங்கு பிரிக்கிறபோது அந்த உரிமை எனக்கும் தங்கச்சிக்கும் வரும். அண்டைக்கு நாங்க என்ன செய்வம் என்பதுதான் பயம்.